ஞாயிறு, சத்தமில்லாமல்

கிரேஃபெல்டில் ஞாயிற்றுக்கிழமை
சுத்தியல் தூக்கக் கூடாது.
வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போடவும் கூடாது.
தேவாலய மணிக்கு மட்டும் விலக்கு.

செவ்வாய்க்கிழமை டியூவ் சோதனை.
கோர்சாவின் ஸ்டியரிங்குக்குப் பின்னால்
குட்டி மஞ்சள் எஞ்சின் ஒன்று
மூன்று கிழமையாக எரிகிறது.
பட்டறைக்காரன் கேட்டது இருநூற்றெண்பது யூரோ.
சாமான் முப்பத்தொன்பது. மிச்சம் அவனுடைய கை.
எனக்கும் இரண்டு கை இருக்கிறது என்று
நிரோஜாவிடம் சொன்னேன்.
அவள் என் கைகளைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

நான் பள்ளியில் படித்தது ஒட்சிசன்.
அவள் வலசரவாக்கத்தில் வளர்ந்தவள், அவளுக்கு ஆக்சிஜன்.
மகன் லம்டா என்கிறான்.
சண்டை வேண்டாமென்று
மூவரும் 'அந்தச் சாமான்' என்றோம்.

அந்தச் சாமானுக்கு வேலை இவ்வளவுதான்:
புகை போகிற வழியில் குந்தியிருந்து
எரிந்து முடிந்ததை மோந்து பார்ப்பது.
காற்று மிஞ்சியிருந்தால்
பெற்றோல் காணாது என்று சொல்லி அனுப்புவது.
எங்களுடையது எந்நேரமும்
காணாது காணாது என்றது.
எஞ்சின் அதை நம்பி
ஊற்றிக்கொண்டே இருந்தது.
பின்குழாயில் விரலை விட்டால் கண்மை.

பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி,
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து,
காருக்குக் கீழே போனேன்.
மூக்குக்கு மேலே
பதினேழு பனிக்காலத்து உப்பு.
துருநீக்கி அடித்தேன். காத்திருந்தேன்.
இருபத்திரண்டாம் நம்பர் சாவி.
அசையவில்லை.
எண்ணெய் சொட்டியது, கண்ணுக்குள்.
கெட்ட வார்த்தை ஒன்று, மெதுவாக.
ஞாயிறு அல்லவா.

கடைசியில் வெக்கூம் கிளீனரின் குழாயை
சாவியின் வாலில் செருகித் தொங்கினேன்.

டக்.

மூன்றாம் மாடியில் ஜன்னல் திறக்கிற சத்தம்.
ஃப்ராவ் தெர்ஹோர்ஸ்ட்.
அவர் மேலே, நான் கீழே,
இரண்டாவது டக்குக்காகக் காத்திருந்தோம்.
வரவில்லை.
ஜன்னல் மூடியது.

புதியதைப் பூட்டினேன்.
வயர் பிளக்கை எட்டவில்லை, ஒரு சாண் குறைவு.
வளைத்தேன், இழுத்தேன், உறவினனைப்போலக் கெஞ்சினேன்.
"காணாது!" என்றேன்.
பல்கனியிலிருந்து நிரோஜா:
"எதக் காணோம்?"
"காணோமில்லை. காணாது. வயர் காணாது."
"பத்தலையா?"
"ஓம்."

இறங்கி வந்தாள். போனில் கோட் வாசித்தாள்.
பி சைபர் ஒன்று மூன்று ஒன்று.
"கடைசி ஒன்றுன்னா முதல் சென்சார்.
அது முன்னாடி இருக்கு.
நீங்க கழட்டினது ரெண்டாவது."

பொனற்றைத் தூக்கினாள்.
நின்றபடியே எட்டுகிற இடத்தில்,
நல்ல வெயிலில்,
அது இருந்தது.
மூன்று மணி நேரம்
நான் அதற்குப் பின்னால் மல்லாந்து கிடந்திருக்கிறேன்.

பழுதில்லாததைத் துடைத்து
பழைய இடத்திலேயே வைத்தேன்.
அதனிடம் மன்னிப்புக் கேட்க ஜெர்மனில் ஒரு சொல் வந்தது,
தமிழில் வரவில்லை.
பழுதானதை அவள் கழற்றினாள். எட்டு நிமிடம்.
கரி பிடித்துக் கிடந்தது, தீய்ந்த கத்தரிக் காம்புபோல.
புதியதன் நுனியில் விரல் படாமல்
கையால் நாலு சுற்று,
பிறகுதான் சாவி.

இரவு, காருக்குள் மூவரும்.
மகன் போனில் கோடு காட்டினான்.
பழையது கீறியது ஒரே நேர்கோடு,
சத்தியம் செய்தவன்போல அசையாமல்.
புதியது ஏறுகிறது, இறங்குகிறது,
காணாது, போதும், காணாது, போதும்,
கண்மூடித் திறப்பதற்குள் மனம் மாறுகிறது.
"இதுவும் பழுதோ?" என்றேன்.
"இல்லையப்பா, இப்பிடி ஆடினாத்தான் சுகமா இருக்காம்."
நிரோஜா சிரித்தாள். யாரைப் பார்த்தென்று தெரியவில்லை.

மஞ்சள் எஞ்சின் அணைந்துவிட்டது.
வெக்கூம் குழாய்தான் வில்லாக வளைந்து நிற்கிறது.
நாளை திங்கள்.
காலை ஏழு மணி தாண்டட்டும்,
சுத்தியலை எடுக்கிறேன்.